மீசைக்கு ஒரே டேக்

மகள் லோகப்பிரியா எடுக்கும் சின்னப் படத்தில் அப்பாவாக நடிப்பவர் சென்னியப்பன்தான். கோபித்துக்கொண்ட மகளைச் சிரிக்க வைக்க அந்த அப்பா மீசையை எடுக்கும் காட்சி நேற்று வந்தது. "எந்த அப்பன் அம்மணி இப்படிப் பண்ணுவான்? கதையே பொய்!" என்று படப்பிடிப்பை அப்படியே விட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அவளும் அவரிடம் பேசாமல், சாப்பிடாமல் படுத்துவிட்டாள். காலையில் அவள் எழுவதற்குள், போன மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுக் கிளம்பினார்.

"லோகுக் கண்ணு, நான் முன்னாடியே கிளம்பி, படம் எடுக்கற தொண்டாமுத்தூர் தோட்டத்துக்குப் போறேன். பஸ்ஸுல போய்க்கறேன், கார் சாவி டிவிகிட்ட இருக்குது. மாவு உள்ளே இருக்குது, ரெண்டு தோசையாச்சும் ஊத்தித் தின்னுபோட்டு வா. சவுண்டு பாக்கற ஜேக் ஊட்டுக்கு வந்தான்னா அவனுக்கும் ஊத்திக் குடு.

அந்த சீன நான் பண்றேன். யோசிச்சுப் பாத்தேன், அப்படியும் ஒரு அப்பன் இருப்பான். ஆனா ஒரே டேக்குத்தான் அம்மணி, என்கிட்ட மீசை ஒண்ணுதான் இருக்குது. நல்லா வரும், பயப்படாதே.

வெள்ளகோவில்ல இருந்து உங்கம்மா போன் பண்ணுனா இதச் சொல்லிப்போடாதே. அவ என்னைக் கட்டிக்கச் சம்மதிச்சதே இந்த மீசையப் பாத்துத்தான்.

அப்பா"

அதற்கும் கீழே மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தார்:

"நான் மீசைய எடுக்கறப்ப உனக்குச் சிரிப்பு வந்தா அடக்காதே, கண்ணு. சத்தமாவே சிரி. சவுண்டு கெட்டாக் கெட்டுப்போகட்டும்."