வலிக்கு மட்டும் வைத்த கரண்டு

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

இன்றும் வெள்ளறடைக்கு நான் ஒருத்திதான் போய்வந்தேன். வீடுவீடாக நோயாளிகளைப் பார்க்க நாம் இரண்டு நர்சுகளும் போன அதே வண்டிதான். நீங்கள் உட்காரும் இடத்தில் இப்போது மருந்துப்பெட்டி இருக்கிறது. களைப்பாக இருக்கிறது அக்கா.

ரப்பர் தோட்டத்து ஓரத்து வீட்டுத் தங்கம்மையை நினைவிருக்கிறதா? புற்று இடுப்பெலும்பில் பரவி, புரண்டு படுக்க முடியாமல் கிடந்தவர். போன மாதம் அவருக்குக் கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சு என்றால் இங்கே யாருக்குப் புரிகிறது? முதலில் வலி கூடியது. "இது உள்ளதுதான், பயப்படாண்டாம்" என்றேன். பிறகு இறங்கிவிட்டது. தானே எழுந்துபோய்க் கட்டன்சாயா போட்டாராம்.

உடனே வீட்டில் ஸ்தோத்திர ஜெபம். நான் போனபோது பாட்டு நடக்கிறது. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கும் மகன் ஜஸ்டின் ஓடிவந்தான்.

"சிஸ்டரே, அம்மைக்கு தீனம் மாறியாச்சு. நான் திங்கக்கெழம மஸ்கட்டுக்குப் போறேன். ஆண்டவரு சொகமாக்கினதுக்கு நீங்க ஒரு சாட்சி சொல்லணும்."

அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன்.

"மக்கா, அது வலி கொறைய வைக்குத கரண்டாக்கும். தீனம் அங்கதான் உண்டு."

"கரண்டு வச்சா எல்லாம் கரிஞ்சு போவும்னுல்லா சொன்னாவ?"

"இது அதுக்கு வச்சதில்ல மக்கா."

"ஜெபம் நடக்குத வீட்டுல வந்து இப்பிடிப் பேசுதியளே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். எல்லா வீட்டிலும் நான்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலுத்துவிட்டது. சாட்சி சொல்ல எழுந்து, வலி குறைந்ததற்கு நன்றி என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன்.

உங்கள் கடைசி நாட்களில் முதுகெலும்புக்குக் கரண்டு வைத்து, வலி விட்ட ஒரு காலையில் நீங்கள் கேட்டீர்களே: "ஒருவேள மாறியிருக்குமோ பிள்ளே?" எத்தனை வீடுகளில் மாறாது என்று எடுத்துச் சொன்னவர் நீங்கள்! நான் உங்கள் தலையைக் கோதிவிட்டேன். தெரியாமலா கேட்டீர்கள் அக்கா?

ஜெபம் முடிந்து புறப்படும்போது ஜஸ்டின் வண்டிவரை வந்தான். என் முகத்தைப் பார்க்காமல், "டிக்கெட்ட மாத்தியாச்சு" என்றான். பின்னாலேயே தங்கம்மை வாழையிலையில் பலாச்சுளை பொதிந்துகொண்டு மெல்ல நடந்து வந்தார்.

"எனக்கு மாறினதுல அவனுக்கு எம்பிட்டு சந்தோசம், பாத்தியா பிள்ளே? இப்பம் போவல்லியாம்."

பொதியை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரமும் போவேன் அக்கா. மாறியாச்சா என்று அவரே என்னைக் கேட்டால், கையைப் பிடித்துக்கொண்டு உள்ளதைச் சொல்வேன். அதுவரை அவர் தரும் சுளையைத் தின்றுவிட்டு வருவேன்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
மேரி