உள்பக்கம் திறக்கும் கதவு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். என் கணவன் எக்ஹார்ட் மெழுகுவர்த்தியும் கையுமாக வீட்டைச் சுற்றி வருகிறான். ஓய்வு பெற்று ஒன்பது வாரம் ஆகிறது. எம்டன் நகரக் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் குழாய்க் கசிவு தேடியவன், இப்போது வீட்டில் காற்றுக் கசிவு தேடுகிறான். தோட்டக் கதவுப் பக்கம் சுடர் ஆடியது. "பாத்தியா உட்டா, நாம தோட்டத்துக்கும் சேத்து ஹீட்டர் போட்டுக்கிட்டு இருக்கோம்" என்றான், நான்தான் ஓட்டை போட்டதுபோல.

அந்தக் கதவை ஒட்டித்தான் என் மேசை.

மார்ச் 6, வியாழன்

கதவை மாற்றப் போகிறோமாம். "போகிறோம்" என்றால் அவன்.

ஸ்லைடிங் கதவா, கீல் வைத்த கதவா என்பதுதான் பிரச்சினை. ஸ்லைடிங் என்றால் பக்கவாட்டில் போய்விடும், யாருக்கும் தொந்தரவில்லை. கீல் கதவு, இங்கே எல்லா வீட்டிலும் போல, உள்பக்கம் திறக்கும். திறக்க ஒரு மீட்டர் இடம் வேண்டும். அந்த ஒரு மீட்டரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மாடி அறை அவனுடைய அலுவலகம். நிலவறை அவனுடைய பட்டறை. சமையலறைச் சுவரில்கூட அவனுடைய ஈரப்பதமானி தொங்குகிறது. எனக்கென்று இருப்பது இந்த மேசையும் காலை பத்திலிருந்து பதினொன்றரை வரையான நேரமும்தான். இதுவும் போனால் நான் எங்கே போவது?

மார்ச் 15, சனி

எம்டனில் கதவுக் கடை. ஸ்லைடிங் கதவு தண்டவாளத்தில் ஓடுவதால் ஓரத்தில் துளி காற்று நுழையலாம், கீல் கதவோ சாத்தும்போது ரப்பரை நன்றாக அழுத்திக்கொள்ளும் என்றான் விற்பனையாளன். எக்ஹார்ட் அந்த ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தான். எங்கள் மகள் பிறந்த அன்றுகூட அந்த முகத்தில் இத்தனை ஒளி இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஒன்னோ காபிக்கும் கேக்குக்கும் கூப்பிட்டிருந்தார். அவர்கள் வீட்டில் ஸ்லைடிங் கதவு. ஒரே விரலால் தள்ளிக் காட்டினார். நான் எக்ஹார்டைப் பார்த்தேன். எக்ஹார்ட் கோட்டுப் பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்தான்.

விருந்துக்குப் போன இடத்தில்! மெழுகுவர்த்தி!

சுடர் லேசாக அசைந்தது. "நான் எதுவும் சொல்றதா இல்ல" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் சொன்னான். ஒன்னோவின் மனைவி அல்முட் பேசாமல் என் தட்டில் இரண்டாவது துண்டு கேக்கை வைத்தாள். நல்ல பெண்.

ஏப்ரல் 2, புதன்

நேரடியாகவே கேட்டேன், என் மேசை எங்கே போகும் என்று.

"மேசைக்குக் கால் இருக்குல்ல? நகரும்."

பதிலுக்குக் கதவு நகர்ந்தால் என்ன என்றேன். எழுந்து போனவன் ஒரு காகிதத்தோடு வந்தான். இரண்டு கதவுகளுக்கும் கணக்குப் போட்டிருந்தான். முழுக் குளிர்காலத்துக்கும் சேர்த்து வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டேன். தொட்டி நிறைய வெந்நீரில் இரண்டு குளியல் அளவு என்றான், வெட்கமே இல்லாமல்.

"அப்ப நான் வருஷத்துல ரெண்டு தடவை குளிக்காம இருந்துடறேன். ஸ்லைடிங் வாங்கு."

கொஞ்சம் யோசித்தான். "கீல் கதவையும் போட்டு, நீயும் குளிக்காம இருந்தா நாலு மிச்சம்."

ஏப்ரல் 3, வியாழன்

குளித்தேன். ஒரு மணி நேரம். தொட்டி வழிய வழிய.

மே 20, செவ்வாய்

கீல் கதவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறான், தனியாக. நான் நகராட்சியில் முப்பத்தொரு வருடம் திருமணப் பதிவாளராக இருந்தவள். இரண்டு பேரும் "சம்மதம்" என்று வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு ஜோடியிடமும் கையெழுத்து வாங்கியதில்லை. என் வீட்டில் ஒருத்தர் சம்மதம் போதும்போல.

செப்டம்பர் 9, செவ்வாய்

கதவு வந்தது. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருக்கிறது. மேசை இடிப்பதால் பாதிதான் திறக்கிறது. முழுசாக எப்போதாவதுதானே திறப்போம், இருக்கட்டும் என்று எக்ஹார்ட் பெரிய மனது பண்ணினான். மெழுகுவர்த்திச் சுடர் அசையவே இல்லை. சுடரைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினான். அவள் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டிருந்தாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கீழ்த்தளம் முழுக்க ஜன்னல் இடுக்குகளை நாடா ஒட்டி அடைத்துவிட்டான். தபால் போடும் துளையும் போயிற்று. மாடியை வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாமாம். ஜன்னலைத் திறந்து காற்றாட விடக் கூடாது என்று உத்தரவு வேறு. இந்த நாட்டில் பிள்ளைகள் பேசக் கற்பதற்கு முன் ஜன்னல் திறக்கக் கற்கிறார்கள். என் அம்மா பனி கொட்டும்போதும் காலையில் எல்லாவற்றையும் விரியத் திறந்து போட்டுவிட்டுத்தான் காபியே குடிப்பாள். நான் இப்போது திருட்டுத்தனமாக மாடிக் குளியலறை ஜன்னலைத் திறக்கிறேன்.

நவம்பர் 6, வியாழன்

கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. காரணம் கண்டுபிடித்துவிட்டான். நான் தேநீர் போடுகிறேன், அதன் ஆவி. இனிமேல் பதினொரு மணித் தேநீர் கிடையாதாம்.

தேநீருக்கே பேர்போன கிழக்கு ஃப்ரீசியாவில் ஒருத்தன் தேநீர் வேண்டாம் என்கிறான்! சூடான தேநீர் பட்டுக் கோப்பையில் கற்கண்டு வெடிக்கிற சத்தம் கேட்காமல் இந்த ஊரில் யாருக்காவது பதினொரு மணி அடித்திருக்கிறதா? அவன் அப்பா கேட்டிருந்தால் செருப்பால் அடித்திருப்பார். அப்புறம் சொல்கிறான், நான் மூச்சும் கொஞ்சம் அதிகமாக விடுகிறேனாம். இந்த ஆளோட நான் என்னதான் பண்றது? மூச்ச நிறுத்திடவா?

நவம்பர் 19, புதன்

சோபாவுக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி. பூஞ்சை.

எரிசக்தி ஆலோசகர் லுப்பென் என்ற பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரைத் தடவி, நாடாக்களைப் பார்த்து, கதவைப் பார்த்துவிட்டு எக்ஹார்டிடம் சொன்னார்:

"கதவு பிரமாதம் சார். இப்ப அதைத் திறந்து வைங்க. முழுசா, பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு நாலு தடவை."

எக்ஹார்ட் அவன் போட்ட கணக்குக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஸ்லைடிங்காக இருந்தால் என்று நான் இழுத்தேன். அதையும் திறக்கத்தான் வேண்டும் என்றார் அந்தப் பெண், நேர்மையாக. பிறகு என் மேசையைப் பார்த்தார். "இதை மட்டும் நகர்த்த வேண்டியிருக்காது."

நவம்பர் 24, திங்கள்

காலை ஏழு மணி, பத்தரை, மாலை நாலு, ஏழு. அலாரம் வைத்திருக்கிறான். அடித்ததும் "எழுந்திரு உட்டா" என்று மேசையை இழுப்பான், கதவு விரியத் திறக்கும், நாங்கள் இரண்டு பேரும் ஓவர்கோட்டில் வரவேற்பறை நடுவே நிற்போம். தெருவிலேயே மிகச் சிக்கனமான வீடு எங்களுடையது, திறந்தே கிடக்கிறது. ஒன்னோ வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கை ஆட்டுகிறார். இன்று மேசையை இழுத்தபோது மைப்புட்டி கவிழ்ந்தது. நாலு பக்கம் போச்சு. என் நாலு பக்கம். அழுதேன், ஆத்திரத்தில்.

நவம்பர் 25, செவ்வாய்

மாடி அறையை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

"அது என் அறை."

"மேசைக்குக் கால் இருக்குல்ல?"

வேலியோரம் போய் உதவிக்கு ஆள் கூப்பிட்டேன். ஒன்னோ வந்து மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். படியில் பாதி ஏறியதும் மறுபக்கத்தை என் கையிலிருந்து எக்ஹார்டே வாங்கிப் பிடித்தான். அவனுடைய கதவு விளம்பரத் தாள்கள் எல்லாம் கீழே, அவனுடைய கதவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

டிசம்பர் 2, செவ்வாய்

மாடி ஜன்னல் பழைய மரம், ஓரத்தில் காற்று வருகிறது. வெளியே சொல்லப் போவதில்லை. மெழுகுவர்த்திகளை ஒளித்து வைத்துவிட்டேன்.

ஜனவரி 14, புதன்

பத்தரைக்குக் கீழே அலாரம் அடித்தது. கதவு திறக்கும் சத்தம். குளிர் படியேறி வருவதற்குள் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். எழுதிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் காலடிச் சத்தம், பிறகு கதவை யாரோ தட்டினார்கள்.

முப்பத்தேழு வருடத்தில் எக்ஹார்ட் இந்த வீட்டில் எந்தக் கதவையும் தட்டியதில்லை. எழுதிய வரியை முடித்துவிட்டுப் பேனாவை மூடினேன். மறுபடி தட்டினான்.

ஓவர்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நின்றான். கையில் தட்டு, அதில் இரண்டு கோப்பைத் தேநீர், கற்கண்டு, பாலேடு. ஆவி பறந்தது.

"கீழ ரொம்பக் குளிருது. இங்க கொஞ்சம் உக்காரலாமா?"

"சம்மதம்" என்றேன், வாய்விட்டு.

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கற்கண்டு வெடித்தது. அப்போது மேசையில் நான் எழுதிக்கொண்டிருந்த தாளின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது. அவன் தாளைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். முப்பத்தெட்டு வருடம் கசிவு தேடின கண் அது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் தன் கோப்பையை எடுத்து, எழுத்தின் மேல் படாமல், தாளின் ஓரத்தில் வைத்தான்.