இருபத்தாறரை அங்குல இருக்கை

இந்திராநகர், பெங்களூர்
4-11-2007, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.20

சௌபாக்கியவதி சுப்ரியாவுக்கு அப்பாவின் மனமார்ந்த ஆசீர்வாதங்கள். பகவான் அருளால் நானும் உன் அம்மாவும் சௌக்கியமாக இருக்கிறோம். அதுபோலவே நீயும் மாப்பிள்ளை பாலகுமாரும் குழந்தை ரித்விக்கும் மெல்போர்னில் சௌக்கியமாக இருப்பதாக நீ 21-10 அன்று எழுதிய கடிதத்தில் கண்டு மகிழ்ந்தோம். கடிதம் 31-10 புதன்கிழமை வந்து சேர்ந்தது, அதாவது பத்து நாள். சென்ற முறை எட்டு நாளில் வந்தது. குழந்தைக்கு இருமல் விட்டுவிட்டதா என்று அம்மா கேட்கிறாள். பனங்கற்கண்டு தீர்ந்துபோயிருந்தால் எழுது, வரும்போது நீயே எடுத்துப் போகும்படி வாங்கி வைக்கிறேன். வருகிற வியாழக்கிழமை தீபாவளி. அம்மா இந்த வருஷம் பட்சணம் எதுவும் பெரிதாகச் செய்யப்போவதில்லை என்று சொல்லிவிட்டு நேற்று ஒன்றரைப் படி மாவு அரைத்து வாங்கி வரச் சொன்னாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் ஒரு வண்டி வாங்கியிருக்கிறோம். அதுவும் நீ வாங்கக்கூடாது என்று தொலைபேசியில் இரண்டு முறை சொன்ன அந்த பழைய சஹ்யா காரையே வாங்கியிருக்கிறோம். 22-10 அன்று பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்து, 31-10 அன்று ஆர்.சி. புத்தகம் என் பெயரில் வந்துவிட்டது. உன் கடிதமும் அதுவும் ஒரே நாளில் வந்தன. நீ கோபித்துக்கொள்வதற்கு முன் நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். தொலைபேசியில் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் நீ பதில் சொல்லிவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

7-2-2007 அன்று அம்மாவுக்கு இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை நடந்தபோது நீ பதினெட்டு நாள் கூடவே இருந்தாய். அதன் பிறகு நடந்தது உனக்கு முழுவதும் தெரியாது. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். 20-5 அன்று அம்புஜத்தின் பேரன் கல்யாணத்துக்கு அவர்கள் அனுப்பிய சிறிய காரில் போனோம். ஏறும்போதே பள்ளத்தில் விழுவதுபோல உட்கார்ந்தாள். சத்திரத்து வாசலில் இறங்க முடியவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்து, ஒருவர் பின்னாலிருந்து தூக்கி, நாதஸ்வரக்காரர்கள் உட்பட எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவளை வெளியே எடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் வாசற்படி தாண்டவில்லை. ஆனாலும் கூடத்தில் தினமும் கைத்தடியோடு முப்பது, முப்பத்திரண்டு சுற்று நடந்துகொண்டிருந்தாள். டிசம்பரில் நீ வரும்போது விமான நிலையத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் அதற்குக் காரணம். 9-9 அன்று நீ தொலைபேசியில், அம்மா சிரமப்பட வேண்டாம், நாங்களே டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறோம் என்று சொன்னாய். சரி என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுநாள் பதினைந்து சுற்று. அந்த வாரக் கடைசியில் எட்டு. இதை உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, நீ நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய். ஆனால் அந்த எட்டு என்ற எண்ணைக் குறிப்பு நோட்டில் எழுதிய அன்றுதான், ஒரு வண்டி வேண்டும், அவள் தானாக ஏறித் தானாக இறங்கக்கூடிய வண்டி வேண்டும் என்று தீர்மானித்தேன்.

எடை அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவன் இதை எப்படி ஆரம்பித்திருப்பான் என்று உனக்குத் தெரியும். அம்மாவைச் சுவரோரம் நிற்க வைத்து, தரையிலிருந்து அவள் உட்காரும் இடம் எவ்வளவு உயரம் என்று அளந்தேன். இருபத்தேழு அங்குலம். அதற்கு அரை அங்குலம் முன்னே பின்னே இருக்கும் இருக்கையில் அவள் குனியாமல் பக்கவாட்டில் அமர்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு நான்கு ஷோரூம்களுக்குப் போனேன். நீ வாங்கித் தருவதாகச் சொன்ன சின்னக் கார் பத்தொன்பதரை. இப்போது வருகிற பெரிய வண்டிகள் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, அதில் ஏற ஏணி வேண்டும். ஒரு ஷோரூமில் விற்பனைப் பையன், சீட்டுக்கு உறை தைக்கிறவரா சார், முதலாளியைப் பாக்கணுமா என்று மரியாதையாகக் கேட்டான். 23-9 அன்று பத்திரிகையில் சஹ்யா விற்பனைக்கு என்று இரண்டு வரி விளம்பரம் பார்த்தேன். 6-12-1999 அன்று பதிவான வண்டி, டீசல், ஒரே சொந்தக்காரர், விலாசம் ஜோகுபாளையம். அதன் இருக்கை இருபத்தாறரை அங்குலம்.

அந்த வண்டியைச் செய்வதை 2003-ல் நிறுத்திவிட்டார்கள், உதிரி பாகம் கிடைக்காது, நாளை விற்க முடியாது என்று நீ சொன்னதை நான் அலட்சியம் செய்யவில்லை. பொம்மனஹள்ளியில் சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் கோவிந்தராஜனை அழைத்துக்கொண்டு 29-9 சனிக்கிழமை மாலை அங்கே போனேன். சொந்தக்காரர் பெயர் கிளாரன்ஸ், ஐம்பத்தேழு வயது, பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் டூல் ரூமில் வேலை. கண்ணில் நீரழுத்தம், இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் விற்கிறார். கோவிந்தராஜன் இன்ஜினைப் பார்க்க, நான் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்தேன். முதல் வருஷம் கம்பெனி முத்திரையோடு இருந்தது. அதன் பிறகு 26-1-2001 முதல் 15-8-2007 வரை இருபத்தொன்பது பதிவுகள், எல்லாம் ஒரே கையெழுத்து, முத்திரை ஒன்றுகூட இல்லை. பழக்க தோஷத்தால் தேதிகளை என் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது தேதி எழுதும்போதே எனக்குப் பொறி தட்டியது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, கன்னட ராஜ்யோத்சவம். இருபத்தொன்பதும் விடுமுறை நாட்கள். அன்றெல்லாம் எந்தச் சர்வீஸ் நிலையம் திறந்திருக்கும்? யாரோ ஒரே இடத்தில் உட்கார்ந்து, நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் கண்ட தேதிகளையெல்லாம் எழுதித் தள்ளியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அதை மனதோடு வைத்திருக்கலாம். நான் அவரிடமே, அவர் மனைவி மௌரீன் தேநீர்த் தட்டோடு வெளியே வந்து நிற்கும்போது, ஆபீஸில் கடைக்காரரிடம் பேசும் குரலில் சொன்னேன். கிளாரன்ஸ் பதிலுக்கு வாதாடவில்லை. பானெட்டை மூடினார், என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார், “இந்த வண்டி உங்களுக்கு வேணாம் சார்” என்று மட்டும் சொன்னார்.

ஆட்டோவில் திரும்பும்போது கோவிந்தராஜன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: “நீங்க புக்கைப் படிச்சீங்க சார், நான் சத்தத்தைக் கேட்டேன். எட்டு வருச வண்டி மாரியா ஓடுது அது?” இன்ஜின் அதே கம்பெனியின் பிக்கப் வேனுக்குப் போடும் இன்ஜின்தான், அதற்கு வேண்டியது தெருவுக்குத் தெரு கிடைக்கும், கண்ணாடியோ விளக்கோ உடைந்தால்தான் அலைய வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஏமாறாமல் தப்பித்தோம் என்ற நினைப்பில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, “ஏன்னா, நம்மாத்து மிக்ஸியை நீங்க என்னிக்குப் பிரிச்சுப் போடுவேள்? ஆபீஸ் நாள்லயா?” என்று கேட்டாள். அவர் ஆலைத் தொழிலாளி, லீவு அன்றுதானே கையால் வேலை செய்ய முடியும் என்றாள். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் ஒரு பதிவும் இல்லை என்று நான் விட்டுக்கொடுக்காமல் கேட்டேன். ஆனால் நோட்டை மறுபடி பார்த்தபோது எனக்கே ஒரு விஷயம் உறைத்தது. வருஷத்துக்கு ஐந்து என்றால் முப்பத்து மூன்று பதிவுகள் இருந்திருக்க வேண்டும். நான்கு குறைகிறது. 26-1-2003, 15-8-2004, 1-5-2005, 2-10-2005. அலமாரியிலிருந்து பழைய டைரிகளை எடுத்துப் பார்த்தேன். நான்கும் ஞாயிற்றுக்கிழமைகள். பொய்யாக எழுதுகிறவன் சிவப்பு எழுத்து விடுமுறைகளில் நான்கை மட்டும் பொறுக்கி விட்டுவிட மாட்டான். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் ஆயிற்று. அம்மா கீரைக் காம்புகளைத் தட்டிப் போட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை காந்தி ஜெயந்தி, போய்ப் பார்த்துவிட்டு வாங்கோ என்றாள்.

2-10 காலை 9.40-க்குப் போனேன். வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு முக்காலியின் மேல் அதே சர்வீஸ் புத்தகமும் பேனாவும் இருந்தன. நான் நின்றுகொண்டே, அன்று பேசியது என் தவறு, தெரியாமல் ஒரு நேர்மையான மனிதரைச் சந்தேகித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று அந்தக் கால்களிடமே சொன்னேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியும் சொன்னேன். அவர் மெல்ல வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, “அந்த நாலையுமா கண்டுபுடிச்சீங்க?” என்று கேட்டுச் சிரித்தார். “சண்டே சர்ச்சு. அன்னிக்கு ஸ்பேனர் தொட்டா மௌரீன் சோறு போடமாட்டா சார்.” பிறகு, யாரும் வேண்டாம் என்கிற வண்டி உங்களுக்கு எதற்கு என்று கேட்டார். அம்மாவின் இடுப்பையும் உன் வருகையையும் இரும்பு டேப்பையும் பற்றிச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, டேப்பை நம்பாதீர்கள், அவர்கள் உட்கார்ந்து பார்க்கட்டும், சரியில்லை என்றால் நானே விற்க மாட்டேன் என்றார். அன்று தேநீர் குடித்தேன். உற்பத்தி நிறுத்தப்படுகிறது என்று தெரிந்தவுடன் அவர் முன் கண்ணாடி ஒன்றும் விளக்குகள் இரண்டு ஜோடியும் வாங்கிக் கம்பளியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாராம். மௌரீன் என்னிடம், “நாலு வருஷமா கண்ணாடி மேல படுத்திருக்கேன் சார், வண்டியோட அதையும் எடுத்துட்டுப் போயிடுங்க, புண்ணியமாப் போகும்” என்றார்.

6-10 சனிக்கிழமை மாலை 4.10-க்கு மௌரீன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார், கிளாரன்ஸ் பக்கத்தில். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தாள், ஏன் என்று நான் கேட்கவில்லை. கையைக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றாள். முதுகைத் திருப்பி, இருக்கையில் அமர்ந்து, ஒரு காலை எடுத்து வைத்தாள், பிறகு மற்றொன்றை. நாற்காலியில் உட்காருவதுபோல அவ்வளவு சாதாரணமாக. ஒரு சுற்று போய் வருகிறோம் என்று பெண்கள் இருவரும் கிளம்பினார்கள். நானும் கிளாரன்ஸும் கேட்டருகே நின்றோம். ஐந்து நிமிஷத்தில் வர வேண்டியவர்கள் 4.45-க்கும் வரவில்லை. மௌரீனிடம் கைப்பேசி இல்லை. 5.15-க்கு நான் ஆட்டோ பிடிக்கக் கிளம்பிவிட்டேன், கிளாரன்ஸ்தான் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, வண்டி நிற்காது சார், நான் கேரண்டி என்றார். எனக்கு வண்டியைப் பற்றிக் கவலை இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? 5.35-க்கு வந்தார்கள். விமான நிலையம் வரை போயிருக்கிறார்கள். பயணிகள் வெளியே வரும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, இறங்கி, கம்பியோரம் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி ஏறி, மறுபடி இறங்கிப் பார்த்திருக்கிறாள். போலீஸ்காரர் விசிலடித்தாராம், மௌரீன் கன்னடத்தில் ஒரு அதட்டல் போட்டாராம். அம்மா என்னிடம் நடைபாதை விளிம்பு உயரம் சரியாகத்தான் இருக்கிறது, நீங்கள் ஒன்றும் அளக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் விளக்கேற்றினாள். அன்றே கிளாரன்ஸிடம் பேசி முடித்தேன்.

என் ஓட்டும் திறமையைப் பற்றி நீ கவலைப்படுவாய் என்று தெரியும். என் லைசென்ஸ் 11-6-2011 வரை செல்லுபடியாகும், கண்புரை இரண்டு பக்கமும் எடுத்தாகிவிட்டது. பழைய ஃபியட்டை விற்று நான்கு வருஷம் ஆகிவிட்டதால், மௌரீனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறு நாள் காலை ஆறு மணிக்கு ஓட்டிப் பழகினேன். அவர் மிகவும் கண்டிப்பானவர். வண்டி கடைத்தெருவில் நின்றால் தெருவில் உள்ளவர்கள் சுற்றிப் பார்க்கிறார்கள், இது இப்போது வருகிறதா சார் என்று கேட்கிறார்கள், வருவதில்லை என்று சொல்வதில் எனக்கு ஒரு சின்னப் பெருமையும் உண்டாகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நவம்பர் முதல் தேதி ராஜ்யோத்சவத்தன்று கிளாரன்ஸ் காலையிலேயே வந்து எண்ணெய் மாற்றிவிட்டுப் புத்தகத்தில் எழுதினார். கையெழுத்து அவருடையது, சாட்சியாக என் கையெழுத்தையும் கேட்டு வாங்கினார். விற்ற வண்டியை நீங்கள் ஏன் இன்னும் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டிருந்தால் அடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் டிசம்பர் 15 சனிக்கிழமை வருவதால் ஒரு விஷயத்தை எழுதியாக வேண்டும், இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். வண்டிக்குப் பக்கத்துக்கு ஒரு கதவுதான். பின்னால் யார் ஏறுவதானாலும் முன்னால் இருப்பவர் இறங்கி, இருக்கையை மடக்கி வழிவிட வேண்டும். வாங்குவதற்கு முன் இது ஒன்றுதான் பெரிய குறையென்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டு அம்மாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, அப்போ நான் இறங்கி நின்னுதானே ஆகணும் என்றாள். நேற்றுக் கூடத்தில் நாற்பது சுற்று நடந்தாள். ஆகையால் வெளியே வந்ததும் பெட்டிகளை விட்டுவிட்டு ஓடிவந்து, அம்மா நீ உட்கார், நீ உட்கார் என்று அவசரப்படுத்தாதே. குழந்தையும் நீயும் மாப்பிள்ளையும் ஏறி முடிக்கிறவரை அவள் நிற்கட்டும்.

ரித்விக் உட்காரும் சிறு இருக்கையின் அகலத்தை அங்குலத்தில் அளந்து உடனே எழுது, சென்டிமீட்டரில் எழுதினாலும் பாதகமில்லை. விமானத்தின் எண்ணையும் இறங்கும் நேரத்தையும் தனித்தாளில் எழுதிக் கடிதத்தோடு வை. குழந்தைக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகளைச் சொல். உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் திட ஆரோக்கியமும் மனநிறைவும் குறைவின்றிக் கிடைக்க வேண்டும் என்று இருவரும் வேண்டிக்கொள்கிறோம்.

உங்கள் வரவை நாள் எண்ணிக் காத்திருக்கும் அப்பா,
வெ. சேஷகிரி