இருபத்தொரு பாகை

அங்கிள்,

இந்தப் பருவத்தில் முதல்தடவையாக இன்று காலை வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடியது. கோடை முழுவதும் குழாய்களுக்குள் படிந்திருந்த தூசி கருகி, அந்த மணம் அறைக்கு அறை ஏறி வந்தது. அம்மா யன்னலைத் திறந்தார். நான் பேஸ்மென்ற் படியில் அப்படியே இருந்துவிட்டேன்.

கீழே இப்போது யாரும் இல்லை. இந்த ஸ்காபரோ வீட்டில் பதினொரு பனிக்காலம் நீங்கள் அங்கே வாடகைக்கு இருந்தீர்கள். உங்கள் கட்டிலுக்கும் ஃபர்னஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர். நீங்கள் இறந்து இரண்டு மாதம் ஆகிறது.

சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பழைய தெர்மோஸ்ராற் உங்களுக்கு நினைவிருக்கும். பேஸ்மென்ற் படி ஏறி வந்தால் கை எட்டும் சுவரில், வயரோடு, ஒரு சின்னச் சக்கரம். கடைசிப் படியில் நின்றபடியே கையை நீட்டித் திருப்புவீர்கள்.

"தங்கச்சி, கொஞ்சம் கூட்டுறன்."

"கூட்டுங்கோ அண்ணை. இவன் வந்து குறைப்பான்," என்பார் அம்மா, குசினிக்குள்ளிருந்து.

"அவனுக்கென்ன, கனடாவில பிறந்தவன். உடம்பில காருக்கு விடுற அன்ரிஃப்ரீஸ் எல்லோ ஓடுது."

குளிர்ந்தவர் கூட்டலாம், வியர்த்தவர் குறைக்கலாம். வீட்டில் அதற்கு வேறு சட்டம் இருக்கவில்லை.

பிறகு நான் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கினேன். என் மாடியறை புழுங்கியது. நான் இறங்கி வந்து குறைத்தேன். நீங்கள் ஏறி வந்து கூட்டினீர்கள். ஒருநாளும் ஒரு சொல் கூடப் பேசிக்கொள்ளாமல் இது நடந்தது. அடுத்த பனிக்காலம் தொடங்கமுதல் நான் வயர் இல்லாத ஒன்றை வாங்கி வந்தேன். கைக்குள் அடங்கும் பெட்டி. எந்த அறையிலும் வைக்கலாம். வைத்த அறையின் சூட்டை அளந்து, அதன்படி ஃபர்னஸை ஓடவிடும், நிறுத்தும்.

மாற்றும்போது ரோர்ச் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள்தான். பழைய வயர்களைச் சுவருக்குள் மடித்துத் தள்ளி, ஓட்டையை வெள்ளைத் தகட்டால் மூடினேன்.

"அப்ப உது எங்க இருக்கப்போகுது, தம்பி?"

"மேல. என்ர அறையில."

ரோர்ச்சை அணைத்தீர்கள். "அப்ப இனி நான் விசா எடுத்துத்தான் வரவேணும்."

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

ஃபர்னஸுக்குப் பக்கத்தில் நான் பொருத்திய, அதன் சோடிப் பெட்டியில் ஒரு பொத்தான் இருந்தது. மேலே இருக்கிற பெட்டி என்ன சொன்னாலும், அதை அழுத்தினால் சூடு வரும். உங்களுக்குக் காட்டினேன். காட்டிய கையோடு, "இதைத் தொட்டுடாதேங்கோ அங்கிள், செற்றிங் எல்லாம் குழம்பிப்போகும்," என்றேன்.

ஒன்றும் குழம்பாது. கையேட்டை முழுவதும் வாசித்திருந்தேன்.

பூட்டிய கதவு, தெற்கு வெயில், இரண்டு கணினித் திரைகள். என் அறையில் அந்தப் பெட்டி எப்போதும் இருபத்தொன்று என்றது. ஃபர்னஸ் ஓய்ந்து கிடந்தது. கீழே எத்தனை பாகை என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அந்தப் பெட்டியை ஒரு மணித்தியாலம் உங்கள் மேசையில் வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை.

"கீழ அவருக்குக் குளிராதோ?" என்று அம்மா ஒருமுறை கேட்டார்.

"அவர் ஒண்டும் சொல்லேல்லையே."

இவ்வளவு வசதியான ஒரு வசனத்தை நான் பல்கலைக்கழகத்தில் கூடக் கற்கவில்லை.

நீங்கள் மேலே வருவதும் குறைந்தது. வந்தால் அடுப்படியில் நின்று, கேத்தில் கொதித்து முடியும்வரை அம்மாவோடு கதைப்பீர்கள். தேத்தண்ணியைக் குடிக்கமாட்டீர்கள். கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வேன்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் ஃபர்னஸின் ஃபில்ரர் மாற்றக் கீழே வந்தேன். உங்கள் கதவு திறந்திருந்தது. கட்டிலில் இருந்தீர்கள். வின்ரர் ஜக்கெற், கம்பளித் தொப்பி, கையுறை. கையுறை போட்ட விரல்களில் செபமாலை.

"எங்க அங்கிள், வெளிக்கிடுறீங்களோ?"

"இல்லைத் தம்பி. இப்பத்தான் வெளியால போட்டு வந்தனான்."

காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. பக்கவாசலில் உங்கள் சப்பாத்துகள் காய்ந்து கிடந்தன. ஒரு துளி ஈரம் இல்லை, பனி உருகத் தெருவில் போடும் உப்பின் கறை இல்லை. நான் அவற்றைப் பார்த்தேன். நான் பார்ப்பதை நீங்கள் பார்த்தீர்கள்.

"ஓ, சரி," என்றேன்.

ஃபில்ரரை மாற்றினேன். அந்தப் பொத்தான் என் முகத்துக்கு நேரே இருந்தது. உங்கள் கட்டிலிலிருந்து ஐந்து அடி தூரம். அதை நீங்கள் ஒருநாளும் அழுத்தியிருக்கவில்லை. தொடவேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். அன்று நானும் அழுத்தவில்லை. அழுத்தினால் சப்பாத்துகளைக் கண்டேன் என்று ஆகிவிடும்.

மேலே போனேன். ஒரு மணிக்கு மீற்றிங்.

மார்ச்சில், நகரின் மறுகோடியிலுள்ள ரெக்ஸ்டேலுக்குப் போகப்போவதாகச் சொன்னீர்கள். "மருமோன்ர பிள்ளையைப் பாக்க ஆளில்லையாம்." அம்மா அழுதார். நான் உங்கள் பைகளைக் காரில் ஏற்றினேன். உண்மைதானா என்று கேட்கவில்லை. என் தோளில் தட்டி, "வடிவாப் படுத்தெழும்பு. எந்நேரமும் உந்த ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டு இராதை," என்றீர்கள்.

ஓகஸ்ட்டில் உங்கள் இதயம் நின்றது. நல்ல வெயில் நாள். குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எனக்குத் தெரியும். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

உங்கள் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த இடத்தில் உங்கள் மருமகன் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டு நின்றார். நான் யார் என்று சொன்னதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஸ்காபரோ வீட்டுத் தம்பியோ! மாமா உங்களைப் பற்றிச் சொல்லாத நாள் இல்லை. பேஸ்மென்ற் எண்டே தெரியாது, நல்ல சூடு, அந்தப் பெடியன் எல்லாம் புதுசாப் பூட்டித் தந்தவன் எண்டு."

திருத்துவதற்கு ஒரு வசனம் போதும். என்னிடம் அது இருந்தது. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவர் என் கைகளை விடாமல், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றேன், அங்கிள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.