பாதி எழுந்த நந்தி

அக்கா,

இன்று காலை முந்திரித் தோப்பை ஒட்டிய கிணற்றில் யாரோ எண்ணெய் எஞ்சினை ஓட்டினார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஜெயங்கொண்டத்துச் சந்தைத் திடலில் கூடாரம் அடித்த டூரிங் டாக்கீஸின் பின்னால் இதே மாதிரி ஒரு எஞ்சின்தான் இருமிக்கொண்டு நிற்கும். வீட்டில் நீ இருமிக்கொண்டிருந்தாய்.

யுத்த காலம் அது. கூடாரத்துக்கு ஓர் இங்கிலீஷ் பொம்மைப் படம் வந்தது. எல்லாம் கையால் வரைந்தது; வரைந்ததெல்லாம் ஓடியது, பாடியது, சண்டை போட்டது. சூரியனை எவனோ திருடிவிட, அதைத் தேடி ஒரு சேவல் மரச்செருப்பில் ஏறிக் கடல் கடக்கிறது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘எஸ்’ஸும் ‘நோ’வும்தான். அதை வைத்தே முழுப்படத்தையும் கரைத்துக் குடித்துவிட்டு வந்த மகா பண்டிதன் நான்.

உனக்கு க்ஷயம் என்று அரியலூர் டாக்டர் சொல்லியிருந்தார். கஞ்சி இறங்கினால்தான் பிழைப்பாய் என்றார். நீயோ வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாய். அத்தான் கெஞ்சினார், கத்தினார், கொல்லைக்குப் போய் அழுதார். வேறு வழி தெரியாமல் நான் சேவல் கதையை எடுத்துவிட்டேன். சேவல் செருப்பில் ஏறியபோது நீ என் பக்கம் திரும்பினாய். ஒரு கரண்டி உள்ளே போனது.

அன்றிலிருந்து எனக்குப் பேய் பிடித்தது. ஒன்றரை மணி நேரப் படத்தை ரப்பர் மாதிரி இழுத்தேன். சேவலைக் கொள்ளிடத்தில் நீந்தவிட்டேன். அது கூவிய கூவலில் திருச்சி மலைக்கோட்டை ஓர் அடி நகர்ந்தது. கதை தீர்ந்தால் கஞ்சி நின்றுவிடும், கஞ்சி நின்றால் நீ நின்றுவிடுவாய் என்ற பயத்தில், கடைசியில் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் முன்னால் படுத்திருக்கும் பெரிய நந்தியையே எழுப்பத் தொடங்கினேன். சூரியனைச் சுமக்க வேறு யாருக்கு முதுகு இருக்கிறது? பின்னங்கால்களை ஊன்றியாயிற்று. “அப்புறம்?” என்று வாயைத் திறந்தாய்.

அப்போதுதான் குண்டைத் தூக்கிப் போட்டாய். அந்தப் படத்தைப் பார்த்தே ஆகவேண்டுமாம். படத்தில் நந்தி ஏது? என் புளுகு உடைந்தால் நீ மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாய். வண்டி மாட்டுக்குக் கால்வலி என்றேன். கூடாரம் தீப்பிடித்தது என்றேன். சேவல் செத்துவிட்டது என்றுகூடச் சொன்னேன். அத்தான் வண்டியில் வைக்கோலைப் பரப்பி உன்னைத் தூக்கி வைத்துவிட்டார்.

கூடாரத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர். அந்தப் பக்கம் நீ சாய்ந்திருந்தாய். இந்தப் பக்கம் நான் வேர்த்து ஒழுகினேன். பாதிப் படத்தில் சுவருக்கு மேலே உன் குரல் வந்தது. “டேய், நந்தி எப்படா வரும்?” முன்னால் இருந்தவர் திரும்பி என்னை முறைத்தார். வந்துவிடும் என்றேன். வரவில்லை. சேவல் தானே சூரியனைக் கவ்விக்கொண்டு வந்து ஊர்க் கூரைமேல் வைத்தது. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

நம் ஊர் வரதராஜன்பேட்டை வரும்வரை வண்டிச் சத்தம் மட்டும்தான். அந்த வண்டிச் சத்தத்தை நான் எமனுக்கும் விதிக்கமாட்டேன். வாசலில் இறக்கும்போது சொன்னாய்:

“படம் எடுத்தவன் சுத்தக் கஞ்சன்டா. பாதிக் கதைய வுட்டுட்டான். நீ சொல்லு, நந்தி எந்திரிச்சிச்சா இல்லியா?”

உலகத்தில் எந்தப் படத்துக்கும் எவரும் அப்படி ஒரு விமர்சனம் எழுதியதில்லை. அன்று கஞ்சி கூடுதலாகவே இறங்கியது. எமனைக் கொள்ளிடத்து அணைக்கரைக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டதாக மார்தட்டினேன். நந்தியை அவசரப்படுத்தாமல் அங்குலம் அங்குலமாக எழுப்பினேன். அந்த வாரமே, கதையின் நடுவில், கஞ்சிக்குத் திறந்த வாய் திறந்தபடியே இருந்துவிட்டது.

உன் பிள்ளைகள் என்னைப் புளுகு மாமா என்கிறார்கள். அவர்களுக்காக யானையைத் தும்மவைத்து ஊரையே பறக்கவிடுகிறேன். சேவல் கதையைக் கேட்டால் மட்டும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்குக் கிளம்பிவிடுகிறேன். போன மாதம் சோழபுரம் போனேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து நந்தியின் காதருகே நின்று, எழுந்திரு என்று கெஞ்சினேன். இது புளுகில்லை, அக்கா.

நான் இன்னும் கரண்டியோடு அதே இடத்தில்தான் இருக்கிறேன். நந்தியின் முன்னங்கால்கள் மடங்கியபடியே கிடக்கின்றன. ஒரே ஒரு தடவை, “அப்புறம்?” என்று கேளேன்.