என் பாக்கெட்டில் இருந்த கத்தி

மார்ச் 9

காலை முழுவதும் சமையலறை மேசையில் கத்திகள், சாணைக்கல், எண்ணெய், பழைய தோல் வார். காபிக் கோப்பையை வைக்க இடம் தேடிய மெரில், கடைசியில் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துக் குடித்தான். கத்தியைக் கட்டிக்கொண்டவளைக் கட்டிக்கொண்டேன் என்று வழக்கம்போல் புலம்பல்.

வேலைக் கத்திக்குக் கூர் ஏற்றினேன். பதினோரு வருடமாய் இடது பாக்கெட்டில் இருக்கிறது. பெயின்ட் டப்பாவை நெம்பியதில் நுனி போய்விட்டது, பிடியில் மாட்டு ரத்தம் கறுத்துக் கிடக்கிறது, பார்க்க லட்சணமில்லை. ஆனால் கையுறையோடு, ஒரே கையால், பார்க்காமலே திறப்பேன். மடக்குக்கத்தி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது அது ஒன்றுதான்: இன்னொரு கையில் கடிவாளமோ கன்றுக்குட்டியோ இருக்கும்போது திறக்க வரவில்லையென்றால் அது கத்தியில்லை, நகை. விலை கொடுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

மார்ச் 22

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். பாய்சியில் கத்தி செய்கிற நார்ம் ஹாகனிடம் இரண்டு வருடத்துக்கு முன்பே பெயர் கொடுத்து வைத்திருக்கிறான் கள்ளன்! என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை.

அலகு முழுக்க ஆற்றுமணலில் தண்ணீர் வடிந்த தடம்போல அலையலையாய்க் கோடு. பிடி நம் மலை மஹோகனி மரம். முதுகில் இருக்கும் சிறு நாக்கை ஆள்காட்டி விரலால் தட்டினால் சத்தமே இல்லாமல் திறந்து நிற்கிறது. நார்ம் கையால் செய்தது, இதைப்போல் இன்னொன்று இல்லை. அழுதுவிட்டேன்.

"பெட்டியில வச்சேன்னா பிடுங்கிக்குவேன். தினம் பாக்கெட்ல இருக்கணும்" என்றான்.

மார்ச் 30

இதுவரை அதால் வெட்டியவை: ஒரு கடித உறை, ஒரு பேரிக்காய். இரண்டு முறையும் துடைத்து வைத்தேன். வலது பாக்கெட்டில் அது, இடதில் பழையது. மெரில் பார்த்துவிட்டு, "ஒண்ணு ஞாயித்துக்கிழமைக்கு, ஒண்ணு மிச்ச நாளுக்கா?" என்றான். போடா என்றேன்.

ஏப்ரல் 18

நாளை நம் பண்ணையில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடுகிறோம். அக்கம்பக்கம் எல்லோரும் வருவார்கள். பீன்ஸ் ஊறுகிறது, இறைச்சி அடுப்பில்.

கூலிக்கு வந்திருக்கும் டெக்ஸஸ்காரன் கயிற்று நுனியைக் குதிரைச் சேணத்தின் முன்னால் நிற்கும் கொம்பில் முடிச்சுப் போட்டே வைத்திருக்கிறானாம். மெரிலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நம் பக்கத்தில் மாட்டின் கழுத்தில் சுருக்கு விழுந்த பிறகுதான் கயிற்றைக் கொம்பில் சுற்றுவோம், வேண்டாமென்றால் அவிழ்த்துவிடலாம். முடிந்து வைத்தவனுக்குக் கத்தி ஒன்றுதான் கதி. "அவனுக்கு உன் கத்திகள்ல ஒண்ணை வாடகைக்கு விடு" என்கிறான்.

புதியதை நாளை எடுத்துப் போவேன். பக்கத்துப் பண்ணை ஃபெர்மினுக்குக் காட்ட வேண்டும்.

ஏப்ரல் 20

பாய்சி. ஆஸ்பத்திரி. மெரிலின் வலது கட்டைவிரல் போய்விட்டது.

ஏப்ரல் 22

வந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நீ அந்தக் கயிற்றை அறுக்கலேன்னா கையே போயிருக்கும் என்கிறார்கள். மெரிலும் மயக்கத்தில், "என் பொண்டாட்டி அறுத்தா, ஒரே வெட்டு" என்று நர்ஸிடம் சொல்லிச் சிரித்தான்.

நானும் தலையாட்டினேன்.

ஏப்ரல் 23

இங்கேயாவது எழுதுகிறேன்.

கன்றைத் தேடித் தாய்ப்பசு ஒன்று பட்டிக்குள் புகுந்துவிட்டது. மெரில் குதிரைமேலிருந்து அதன் கழுத்தில் சுருக்கு வீசிச் சேணக் கொம்பில் சுற்றினான். ஆயிரம் தடவை சுற்றிய கை. கட்டைவிரல் சுற்றுக்குள் மாட்டிக்கொண்டது. பசு இழுத்தது, கயிறு இறுகியது, அவன் கத்தவில்லை, மூச்சை மட்டும் உள்ளே இழுத்தான். நான் ஆறடி தள்ளிக் கன்றுகளுக்கான தடுப்பூசியோடு நின்றிருந்தேன்.

இடது பாக்கெட்டில் கை போட்டேன். காலி. மருந்துப் பெட்டியைப் பிரித்துவிட்டு வேலைக் கத்தியை லாரியிலேயே வைத்திருந்தேன்.

வலது பாக்கெட்டில் புதியது இருந்தது. இருப்பது தெரியும். மறக்கவில்லை. பதறிப்போய்விட்டாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள் — பதறவில்லை. கயிற்றைச் சேணக் கொம்பின் மேல் வைத்துத்தான் அறுக்க வேண்டும், தோலுக்கு அடியில் இரும்பு, கூர் அதில் இடிக்கும் என்று நினைத்தேன். நினைக்க நேரம் இருந்தது எனக்கு. நினைத்துவிட்டு, "ஃபெர்மின், கத்தி குடுங்க!" என்று கத்தினேன்.

என் பாக்கெட்டில் கத்தியை வைத்துக்கொண்டு இன்னொருத்தர் கத்தியைக் கேட்டேன்.

ஃபெர்மின் தடவித் தேடினார். மூன்று விநாடி இருக்குமா? நான்கு? பசு திரும்பி வந்து மறுபடி பாய்ந்தது. அதற்குப் பிறகுதான் என்னுடையதை எடுத்து அறுத்தேன். வெண்ணெய்போல் அறுந்தது. இரும்பில் படக்கூட இல்லை.

டாக்டர் இன்று சொன்னார், முதல் இழுப்பில் எலும்பு மட்டும்தான் நொறுங்கியிருக்கும், விரலைப் பிய்த்தது இரண்டாவது இழுப்பு என்று.

மே 4

வீட்டுக்கு வந்து நான்கு நாள். இன்று வைக்கோல் கட்டை அறுக்கப் போனவன் தன் கத்தியைத் திறக்க முடியாமல் பல்லால் இழுத்தான். பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மதியம் புதியதைத் தவிர என்னிடம் இருக்கிற பதினோரு கத்தியையும் மேசையில் பரப்பினேன். நகத்தால் திறப்பவை, கட்டைவிரல் குமிழ் வைத்தவை, பொத்தானை அழுத்தினால் மூடுபவை. எல்லாவற்றையும் இடது கையால் முயன்றான். திறந்தால் மூட வரவில்லை, மூட வந்தால் பாக்கெட்டில் மாட்டும் கிளிப் தப்பான பக்கம்.

"வலக்கைக்காரன் வலக்கைக்காரனுக்குச் செஞ்சதுடி இதெல்லாம்" என்றான். பிறகு, "அந்தப் புதுசைக் குடு பாப்போம்."

அதைக் கூர் ஏற்ற எடுத்து வைத்திருக்கிறேன் என்று பொய் சொன்னேன். அவன் கையில் அதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

மே 10

நார்ம் ஹாகன் போன் பண்ணினார். கத்தியோடு என்னைப் படம் எடுத்துப் போட வேண்டுமாம், புருஷனின் கையைக் காப்பாற்றிய கத்தி என்று. நல்ல மனுஷன், பெருமையில் குரல் தழுதழுத்தது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பே எரியவில்லை.

மே 24

ஃபெர்மின் பண்ணையில் கன்றுகளுக்குச் சூடு. மெரிலுக்கு இந்த வருடம் குதிரை இல்லை. ஊசி போடுகிறவர்களோடு தரையில் நின்றான், சின்னப் பசங்களும் நானும் செய்கிற வேலை. முப்பது வருடமாய்க் கயிறு வீசியவன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஃபெர்மின் என்னைத் தனியாய்க் கூப்பிட்டார்.

"அன்னிக்குக் காலையில அந்தக் கத்தியை எனக்குக் காட்டிட்டு உன் பாக்கெட்லதானே போட்ட, லோரீன்?"

"ஆமா."

"அப்புறம் ஏன் என்கிட்ட கேட்ட?"

மறந்துபோச்சு என்றேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவருக்கும் தூக்கம் வரவில்லையாம். தான் இன்னும் வேகமாய் எடுத்திருக்கலாமோ என்று தினமும் நினைக்கிறாராம். எழுபத்திரண்டு வயது மனுஷன், என் பாவத்தை அவர் சுமக்கிறார்.

ஜூன் 1

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 8

சொல்லிவிட்டேன்.

தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். கத்தியை எடுத்துப் போய்த் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இரும்பில் இடிக்கும் என்று நினைத்ததையும், அதனால்தான் ஃபெர்மினிடம் கேட்டேன் என்பதையும். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன், சொன்னேன்.

தேய்க்கிற பிரஷ்ஷைக் கீழே வைத்தான். கத்தியை ரொம்ப நேரம் பார்த்தான்.

"இதை எதுக்கு வாங்கிக் கொடுத்தேன் தெரியுமா?"

அவனே சொன்னான்.

"எங்கேயாவது எதுலயாவது மாட்டிக்கிட்டா, உன்கிட்ட நல்ல கத்தி ஒண்ணு இருக்கணும்னு. மாட்டிக்கிறது நீயா இருக்கும்னு நெனச்சேன்."

கத்தியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டான். திட்டியிருக்கலாம். ஓங்கி நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

ஜூன் 12

வேலைக்காரர் அறையில் படுத்துக்கொள்கிறான். கத்தி என்ன ஆயிற்று என்று தெரியாது. ஆற்றில் வீசியிருப்பான். கேட்க எனக்கு என்ன உரிமை?

ஃபெர்மினிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஒரு கோப்பை ஒயின் ஊற்றிக் கொடுத்தார். கிளம்பும்போது, இனிமேல் தனக்குத் தூக்கம் வரும் என்றார். கோபமா, ஆறுதலா, விளங்கவில்லை.

ஜூலை 19

வைக்கோல் வேலை. என்னோடு வானிலை பேசுகிறான், டிராக்டர் பேசுகிறான். வேறு எதுவும் பேசுவதில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு உள்ளே வந்து உட்காருகிறான்.

ஆகஸ்ட் 3

வீட்டுக்குள் வந்து படுத்தான். கட்டிலின் அந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு. சரி.

செப்டம்பர் 6

கொட்டகைக்கு முட்டை எடுக்கப் போனேன். மெரில் குதிரைமேல். வைக்கோல் கட்டில் செருகிய பிளாஸ்டிக் மாட்டுத்தலைக்குக் கயிறு வீசிக்கொண்டிருந்தான். கயிற்றின் நுனியைச் சேணக் கொம்பில் முடிச்சுப் போட்டிருந்தான். டெக்ஸஸ்காரன் மாதிரி!

கட்டைவிரல் இல்லாத கையால் கயிற்றைச் சுற்ற முடியாது, முன்னாடியே முடிச்சுப் போட்டு வைக்கலாம். அவ்வளவுதான் கணக்கு. எத்தனை பேர் சிரிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாதா?

பிறகு இடது கை பாக்கெட்டுக்குப் போனது. சட்டென்று திறந்தது. மலை மஹோகனிப் பிடி. ஆற்றில் வீசவில்லை. கிளிப்பைக் கழற்றி மறுபக்கம் மாட்டியிருக்கிறான். திறப்பதற்கு ஆள்காட்டி விரல், மூடும்போது பூட்டைத் தள்ளவும் அதே ஆள்காட்டி விரல். திறந்தான், மூடினான், திறந்தான். மூடும்போது ஒருமுறை விரலில் பட்டு ரத்தத்தைச் சப்பினான்.

முட்டையை எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 20

கத்தியை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். வைக்கோல் பிசின், புழுதி, நுனியில் சாணம். கிளிப்பின் ஒரு திருகுத் தலை நசுங்கியிருந்தது, ஒற்றைக் கையால் திருகினால் அப்படித்தான். ஒன்றும் எழுதி வைக்கவில்லை. நானாகவே கூர் ஏற்றி, எண்ணெய் விட்டு, அதே இடத்தில் வைத்தேன். மாலையில் காணோம், எடுத்துக்கொண்டான்.

அக்டோபர் 11

மாடுகளை மலையிலிருந்து இறக்கும் நாள். புறப்படும் முன் குதிரைமேலிருந்து குனிந்து கேட்டான்:

"பாக்கெட்ல எத்தனை கத்தி?"

"ஒண்ணு. பழசு."

"எந்தப் பக்கம்?"

"இடது."

தலையாட்டிவிட்டுப் போனான்.

பையன்கள் 'டெக்ஸஸ், டெக்ஸஸ்' என்று கேலி செய்ததைக் கண்டுகொள்ளவே இல்லை. பதினோரு மணிக்கு ஒரு காளைக்கன்றுக்குச் சுருக்குப் போட்டான். அது குதிரையைச் சுற்றி ஓட, கயிறு குதிரையின் வாலுக்கடியில் ஏறிவிட்டது. குதிரை துள்ளியது. நான் பழையதைத் திறந்துகொண்டு ஓடினேன், எழுபது கஜம் இருக்கும், பாதி தூரம்கூடப் போகவில்லை. அதற்குள் அவன் கயிற்றைச் சேணக் கொம்பின் மேல் அழுத்தி ஓங்கி வெட்டினான். இரும்பில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. குதிரை அடங்கியது. அவன் விழவில்லை.

பக்கத்தில் போனபோது கத்தியை என்னிடம் நீட்டினான். "பல்லு விழுந்துடுச்சு உன் கத்திக்கு."

இப்போது சாணைக்கல் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நீ பயந்தது நடந்துவிட்டது, லோரீன், நன்றாகப் பார். கூரில் அரை அரிசி அளவு விள்ளல். அலையலையாய் ஓடும் கோட்டின் ஓரத்தில், அரை அரிசி. கல்லில் நாலு தடவை நிதானமாய்த் தேய்த்தால் முக்கால்வாசி போய்விடும்.

இவ்வளவுக்கா?

மெரில் எதிரே உட்கார்ந்து சூப் குடிக்கிறான், கரண்டி இடது கையில். காபிக் கோப்பையை வைக்க இடம் கேட்டான். கல்லைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன்.