சித்தப்பா கண்டுபிடித்த சொந்தக்காரர்கள்

1936 ஜூன் 3, புதன்

மழை. வேலை இல்லை. சித்தப்பா வாய் மட்டும் ஓயவில்லை. நேற்று நவுசோரியில் சங்கக் கூட்டம். பீஜிக்காரனும் இந்தியாவிலிருந்து வந்த நாமும் ஒரே வம்சம் என்று எவனோ பேசினானாம். ஆதாரம்? ‘கானா’. இந்தியில் சாப்பாடு, பீஜி பாஷையில் சாப்பிடு.

“ஒரே ரத்தம்டா!”

“அவங்களுக்கு ‘வா’ன்னா நாலு. ‘காய்’னா ஆத்துச் சிப்பி. அதுவும் ரத்தமா?”

“பள்ளிக்கூடத்த விட்டு ஓடினவனுக்கு என்னடா தெரியும்?”

மனுஷன் வாயில் வருகிற சத்தமே கொஞ்சம்தான். ரெண்டு ஒத்துப்போனால் வம்சமாம். த்தூ.

ஜூன் 5, வெள்ளி

தூறல். சவர பிளேடு தீர்ந்தது.

கரும்புக் காட்டுக் குத்தகை இந்த மாதத்தோடு முடிகிறது. நிலம் பீஜிப் பெரியவர் குடும்பத்துடையது. அவர் கையெழுத்து போட்டால்தான் நமக்குச் சோறு. சித்தப்பா அவரிடம் போய் வம்சக் கதை சொல்லப் போகிறார். அப்பாவுக்குத் தம்பி படித்தவன் என்று பெருமை. மடையர்கள்.

ஜூன் 7, ஞாயிறு

வெயில். மூவரும் போனோம். முறைப்படி, அவர்கள் கரைத்துக் குடிக்கிற நங்கோனா வேர்க்கட்டு வைத்தோம். கரைத்துக் கொடுத்தார்கள். சேற்றுத் தண்ணீர். சித்தப்பா இந்தியில் நீளமாகப் பிரசங்கம். பெரியவர் கைதட்டிச் சிரித்தார். “அச்சா! தும் ஹமார் பாய்!” சகோதரர்களாகிவிட்டோம். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை!

அப்பா குத்தகைக் காகிதத்தை நீட்டினார். பெரியவர் மெல்லத் தள்ளினார். அதெல்லாம் அந்நியனுக்காம். சொந்தக்காரனுக்கு எதற்குக் காகிதம்? இருங்கள் என்றார்.

வழியில் அப்பா: “நாளைக்கு அவரு மகன் ‘எந்திரி’ன்னா?”

“அண்ணே, சொந்தத்துக்குள்ள அப்படிப் பேசாதீங்க.”

ஜூன் 9, செவ்வாய்

காலையில் அந்த மகன் வந்தான். சிரித்த முகம். வண்டி மாடு ரெண்டும் வேண்டுமாம். சொந்தக்காரன் கேட்டால் இல்லை எனக்கூடாது. அவர்கள் வழக்கம், கெரெகெரே என்று பெயர். அடுத்த வாரம் நமக்குக் கரும்பு வெட்டு. அப்பா அவிழ்த்துக் கொடுத்தார். சித்தப்பா? காய்ச்சல் என்று போர்த்திப் படுத்திருக்கிறார்.

மத்தியானம் அப்பா: “அவங்க பாஷை உனக்குத்தான் நல்லா வரும். நாளைக்கு நீ போ. நாம அவங்களுக்குச் சொந்தம் ஒண்ணும் இல்லன்னு சொல்லு. மாடு போனா போவுது, காயிதம் வேணும்.”

உளறினது ஒருத்தர், அள்ளுவது நான்.

காலையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு போகும்போது அந்த மகன் என் தோளில் கை போட்டு, “பாய்” என்றான். மனசாரத்தான் சொன்னான், மடையன். அந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் நாளைக்குச் சொல்ல வேண்டும்.